பதினான்கு மில்லிமீட்டர்: பழைய காரில் ஒரு ஹைட்ராலிக் கிளட்ச் வேலை

ரிவர்ஸ் போடும்போது லேசாக ஒரு 'கர்ர்' சத்தம். அப்படித்தான் தொடங்கியது. கிளட்சை மிதித்து இரண்டு மூன்று நொடி பொறுத்துப் போட்டால் சத்தம் வராது. ஒரு வாரம் அப்படியே ஓட்டினேன். அடுத்த வாரம் நெரிசலில் நிற்கும்போது முதல் கியரும் முரண்டு பிடித்தது. என்ஜினை அணைத்தால் எல்லாக் கியரும் வழுக்கிக்கொண்டு விழுகிறது, ஓடும்போது மட்டும்தான் தகராறு. பெடலைச் சட்சட்டென்று இரண்டு தடவை மிதித்துவிட்டுப் போட்டால் அப்போதும் விழும். போதாததற்கு, பெடலை அடிவரை மிதித்திருக்கும்போதே கார் மெல்ல முன்னால் நகரப் பார்த்தது.

இவையெல்லாம் சேர்ந்து வந்தால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்றுதான் பொருள். பெடலை மிதித்த பிறகும் கிளட்ச் தட்டு, என்ஜினோடு சுற்றும் ஃப்ளைவீல் சக்கரத்தை உரசிக்கொண்டே சுற்றுகிறது, கியர்பாக்ஸின் உள் தண்டும் கூடவே சுற்றுகிறது. முன்கியர்களில் இருக்கும் சிங்க்ரோமெஷ், அதாவது கியர் விழுமுன் சுற்றும் வேகங்களைச் சமப்படுத்தும் அமைப்பு, இதை ஓரளவு சமாளித்துவிடும். பழைய கியர்பாக்ஸ்கள் பலவற்றில் ரிவர்ஸுக்குச் சிங்க்ரோமெஷ் கிடையாது. அதனால்தான் முதல் புகார் எப்போதும் ரிவர்ஸிடமிருந்து வருகிறது.

விவரம் கேட்டவர்கள் எல்லாம் ஒரே பதிலைச் சொன்னார்கள்: கியர்பாக்ஸை இறக்கு, கிளட்ச் செட்டை மாற்று. கியர்பாக்ஸை இறக்குவது சின்ன வேலை இல்லை. இறக்கத்தான் வேண்டுமா என்று தெரியாமல் அதில் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை. முதலில் அளந்து பார்ப்போம் என்று ஒரு இரும்பு ஸ்கேலை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் போனேன். இந்த வேலை முழுவதிலும் எனக்கு அதிகம் உதவியது அந்த ஸ்கேல்தான்.

எதை அளக்க வேண்டும் என்று தெரிய, அமைப்பைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். பெடலை மிதித்தால் அதோடு இணைந்த தள்ளுகம்பி மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளும். அங்கிருந்து பிரேக் ஆயில் இரும்புக் குழாய் வழியாகவும் கொஞ்சதூரம் ரப்பர் ஹோஸ் வழியாகவும் போய், கியர்பாக்ஸின் பக்கவாட்டில் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டனை வெளியே தள்ளும். அது கிளட்ச் ஃபோர்க்கைத் தள்ள, ஃபோர்க் ரிலீஸ் பேரிங்கைத் தள்ள, பேரிங், தட்டை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடித்திருக்கும் பிரஷர் பிளேட்டின் விரல்களை அமுக்க, தட்டு விடுபடும். கேபிள் கிளட்சில் கேபிள் செய்யும் வேலையை இங்கே ஆயில் செய்கிறது.

இரண்டு சிலிண்டரின் உடம்பிலும் அதனதன் உள்விட்டம் வார்ப்பிலேயே பொறித்திருந்தது. மாஸ்டர் 5/8 அங்குலம், அதாவது ஏறக்குறைய 15.9 மில்லிமீட்டர். ஸ்லேவ் 3/4 அங்குலம், 19 மில்லிமீட்டருக்கு ஒரு மயிரிழை கூட. பரப்பளவைக் கணக்கிட்டால் மாஸ்டர் சுமார் 198 சதுர மில்லிமீட்டர், ஸ்லேவ் சுமார் 285. மாஸ்டர் பிஸ்டன் 1 மில்லிமீட்டர் போனால் ஸ்லேவ் ஏறக்குறைய 0.69 மில்லிமீட்டர் போகும். என் காரின் சர்வீஸ் புத்தகப்படி தள்ளுகம்பி 20 மில்லிமீட்டர் நகர வேண்டும். அப்படியானால் ஸ்லேவில் 13.9, அதாவது 14 என்று வைத்துக்கொள்ளலாம். கிளட்ச் விடுபடுவதற்கு நம் கையில் இருப்பது அந்த 14 மில்லிமீட்டர்தான்.

இதே கணக்கை வைத்துக் காற்றின் விலையையும் பார்க்கலாம். ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். கிளட்ச் லைனில் உருவாகும் அழுத்தத்தில் ஒரு காற்றுக்குமிழி ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் சுருங்கிவிடும். லைனுக்குள் 1 மில்லிலிட்டர் காற்று புகுந்தால் ஸ்லேவில் மூன்றரை மில்லிமீட்டர் போய்விடும். மொத்தமே 14 இருக்கும் இடத்தில் மூன்றரை! பிரேக் வேலையில் பழகியவர்கள் கிளட்ச் லைனில் கொஞ்சம் காற்று இருந்தால் என்ன என்று நினைப்பதுண்டு. இங்கே அந்தத் தாராளத்துக்கு இடமில்லை.

முதல் அளவு

காரைச் சமதளத்தில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் வைத்தேன். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகவே கூடாது. ஸ்லேவின் தள்ளுகம்பியில் வெள்ளை பெயின்டால் ஒரு கோடு போட்டேன். பக்கத்தில் ஸ்கேலை மெல்லிய கம்பியால் கட்டினேன். மகளை ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொன்னேன்.

"அமுக்கும்மா."

"அமுக்கிட்டேன்பா."

வெள்ளைக் கோடு 8 மில்லிமீட்டர் நகர்ந்து நின்றது. விடச் சொல்லி, மூன்று முறை வேகமாக மிதிக்கச் சொல்லி, மறுபடி பார்த்தேன். 10.5.

இந்த இரண்டு எண்களுமே கியர்பாக்ஸ் இறங்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டன. ஸ்லேவ் 14 மில்லிமீட்டரும் முழுதாக நகர்ந்து, அப்படியும் கிளட்ச் விடுபடவில்லை என்றால் கோளாறு உள்ளே இருக்கிறது: தட்டு ஃப்ளைவீலோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம், வளைந்திருக்கலாம், பிரஷர் பிளேட்டின் விரல்கள் தேய்ந்திருக்கலாம், ஃபோர்க் விரிசல் விட்டிருக்கலாம். அப்போது கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும். ஸ்லேவே சரியாக நகரவில்லை என்றால், உள்ளே என்ன இருந்தாலும் அதைக் குறை சொல்லும் நேரம் இன்னும் வரவில்லை. முதலில் வெளியே பார்க்க வேண்டும். மிதித்தால் கூடுகிறது, ஓய்வுக்குப் பிறகு குறைகிறது என்பது காற்றின் அடையாளம். சிலசமயம் தேய்ந்த சீலின் அடையாளமும்கூட.

காதால் சோதிப்பதையும் செய்துவிட்டேன். பெடலை மிதிக்கும்போது மட்டும் கீச்சென்று கேட்டால் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். பெடலை விட்டிருக்கும்போது கேட்டு, மிதித்தால் மறைந்தால் கியர்பாக்ஸ் உள் தண்டின் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். என் காரில் இரண்டும் இல்லை. மேடேறும்போது என்ஜின் மட்டும் வீறிட்டு வேகம் ஏறாமல் இருக்கும் வழுக்கலும் இல்லை. தட்டில் இன்னும் ஆயுள் இருக்கிறது.

ஸ்லேவ் சிலிண்டர்

மாஸ்டருக்கு ஆயில் தரும் டப்பாவில் அளவு குறைந்திருந்தது. ஸ்லேவின் முனையில் இருக்கும் ரப்பர் உறையை விரலால் லேசாக விலக்கினேன். உள்ளே கறுப்பாக, நீர்த்த மைபோல, ஒரு தேக்கரண்டி அளவு ஆயில் வழிந்து கையில் ஓடியது. ஆயில் கறுத்திருந்தால் ரப்பர் தேய்ந்து அதில் கலந்திருக்கிறது என்று அர்த்தம். இந்த உறையை விலக்கிப் பார்க்காமல், வெளியே சொட்டவில்லை, அதனால் கசிவில்லை என்று முடிவு கட்டிவிடக்கூடாது. உறை நன்றாக இருந்தால் கசிந்ததை எல்லாம் பல நாள் தனக்குள்ளேயே பிடித்து வைத்திருக்கும்.

ஸ்லேவைக் கழற்றிப் பிஸ்டனை வெளியே எடுத்தேன். உள்சுவரின் முன்பாதி கண்ணாடிபோல் இருந்தது. அடிப்பக்கம், ஆழத்தில், ஒரு வளையமாகத் துரு அரித்த குழிகள். நகத்தால் வருடினால் தட்டியது.

குழிகள் ஏன் அங்கே மட்டும் என்று கொஞ்சநேரம் யோசித்தேன். கிளட்ச் தட்டு தேயத் தேய, பிரஷர் பிளேட் ஃப்ளைவீலை நோக்கி நகரும். அதன் விரல்நுனிகள் எதிர்ப்பக்கமாக, பேரிங்கை நோக்கி வரும். பேரிங் ஃபோர்க்கைத் தள்ள, ஃபோர்க் ஸ்லேவ் பிஸ்டனைச் சிலிண்டருக்குள் தள்ளும். தானாகச் சரிசெய்துகொள்ளும் ஸ்லேவ்களில், தட்டு தேயும் ஒவ்வொரு ஆண்டும் பிஸ்டன் ஓய்வில் உட்காரும் இடம் இன்னும் கொஞ்சம் உள்ளே போகிறது. புதுத் தட்டு இருந்த காலத்தில் சீல் தொடாத பகுதி அது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. கிளட்ச் லைனில் ஆயில் சுற்றி வருவதே இல்லை, சில மில்லிலிட்டர் முன்னும் பின்னும் போய் வருகிறது, அவ்வளவுதான். அந்த ஈரமும் கசடும் எல்லாவற்றுக்கும் கீழே இருக்கும் ஸ்லேவின் அடியிலேயே தங்கித் துருவாகின்றன. தட்டு தேய்ந்து, சீல் ஒருநாள் அந்தக் கரடுமுரடான இடத்துக்குள் நுழைகிறது, கிழிகிறது. பல ஆண்டு ஒழுங்காக இருந்த ஸ்லேவ் திடீரென்று ஒழுகுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியிருந்தால் இந்தக் குழிகள் வந்திருக்காது என்று நம்புகிறேன். பிரேக்குக்கு மாற்றும்போது கிளட்சுக்கும் மாற்ற வேண்டும் என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை.

வெறும் கறை என்றால் நுண்ணிய உப்புத்தாளைப் பிரேக் ஆயிலில் நனைத்து வட்டமாகத் தேய்த்துவிட்டு, புது ரப்பர் சீல்கள் அடங்கிய கிட் போட்டுவிடலாம். நகம் தட்டும் குழி என்றால் கிட் போட்டும் பயனில்லை, புது ரப்பரை அதே குழி மறுபடி அரித்துவிடும். புது ஸ்லேவ் வாங்கிவிட்டேன். கூடவே ரப்பர் ஹோஸும். மகள் மிதிக்கும்போது பழைய ஹோஸை விரல்களுக்கு நடுவே பிடித்துப் பார்த்தேன், நாடித்துடிப்புபோல் உப்பி அடங்கியது. ஹோஸ் உப்பினால் அந்த அளவு ஆயில் ஸ்லேவுக்குப் போகாது. பழைய ஹோஸில் இதற்கு நேரெதிரான கோளாறும் வரும்: உட்புற ரப்பர் பிய்ந்து மடல்போல் தொங்கி, ஆயிலைப் போகவிட்டுத் திரும்ப வரவிடாது. அப்போது கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் வழுக்கும், தட்டு தேய்ந்துவிட்டது என்று நினைத்துக் கியர்பாக்ஸை இறக்கிவிடுவோம்.

துருப்பிடித்த குழாய் நட்டுகளைப் பற்றி ஒன்றே ஒன்று. சாதாரண ஓப்பன் ஸ்பேனர் போட்டால் முனைகள் உருண்டுவிடும். குழாய் நட்டுக்கென்றே பிளவு விட்ட ரிங் ஸ்பேனர் இருக்கிறது, அதைத்தான் போட வேண்டும். முந்தின நாளே துரு இளக்கும் ஆயிலை அடித்து வைத்தேன், சிரமமில்லாமல் கழன்றது. கிளட்ச் உறைக்குள் ஏர் அடித்துச் சுத்தம் செய்ய வேண்டும் என்ற ஆசை எழும். பழைய தட்டுகளில் கல்நார் இருந்திருக்கலாம், அந்தத் தூசியைக் கிளப்பாதீர்கள். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

ஏர் எடுத்தது

லைனில் புகுந்த காற்றை வெளியேற்ற, வழக்கமான முறையையே முதலில் செய்தேன். ஸ்லேவில் காற்றை வெளியே விடுவதற்கென்றே இருக்கும் திருகான நிப்பிளில் ஒளி ஊடுருவும் குழாயை மாட்டி, மறுமுனையைப் பாட்டிலில் இருக்கும் ஆயிலுக்குள் அமிழ்த்தி, "அமுக்கு" என்றதும் நிப்பிளைத் திறந்து, மூடி, "விடு" என்பது. நிப்பிள் திறந்திருக்கும்போது பெடலை விட்டால் காற்றை உள்ளே இழுத்துவிடும், அந்த வரிசை மாறக்கூடாது. இருபது தடவை செய்தும் பெடல் பஞ்சுபோலவே இருந்தது.

காரணம் யோசித்தால் புரியும். காற்று மேலே போகத்தான் விரும்பும். நாம் அதை மாஸ்டரிலிருந்து கீழே, ஸ்லேவ் வரை தள்ளிக்கொண்டு வரப் பார்க்கிறோம். பிரேக்கில் அளவு அதிகம், வேகம் அதிகம், வந்துவிடும். கிளட்சில் ஒரு மிதிக்கு நான்கு மில்லிலிட்டர்கூட நகராது. குழாயின் வளைவில் குமிழி கொஞ்சம் இறங்கும், பெடலை விட்டதும் பழைய இடத்துக்கே ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

அதனால் தலைகீழாகச் செய்தேன். 60 மில்லிலிட்டர் சிரிஞ்சில் புது ஆயிலை நிரப்பி, அதில் இருந்த காற்றை முழுதாக வெளியேற்றி, குழாயை நிப்பிளில் மாட்டி, நிப்பிளைத் திறந்து, மெதுவாகக் கீழிருந்து மேலே தள்ளினேன். மகள் மேலே டப்பாவுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் டப்பாவின் அடியில் இருக்கும் துளையிலிருந்து கறுப்பாக ஒரு இழை கிளம்பிப் பரவியது. அப்புறம் குமிழிகள், மிளகு அளவில், ஒன்றன்பின் ஒன்றாக. "வருதுப்பா, வருதுப்பா... நின்னுடுச்சு" என்றாள். நிப்பிளை மூடாமல் இன்னும் கொஞ்சம் தள்ளச் சொன்னது உள்ளுணர்வு. தள்ளினேன். கடைசியாக ஒரே ஒரு பெரிய குமிழி, சுண்டுவிரல் நகம் அளவு, 'ப்ளக்' என்று வந்து உடைந்தது. அந்த ஒன்று மட்டுமே அரை மில்லிலிட்டர் இருக்கும்.

இந்த முறையில் டப்பா நிரம்பி வழியும். பிரேக் ஆயில் பெயின்டை அரித்துவிடும், ஆகவே சுற்றிலும் பழந்துணி போட்டு, இன்னொரு சிரிஞ்சால் அவ்வப்போது உறிஞ்சி எடுக்க வேண்டும். சிந்தினால் துடைப்பதைவிட உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுவது நல்லது. லைனில் நிறைய கசடு இருந்தால் முதலில் வழக்கமான முறையில் மேலிருந்து ஆயில் விட்டுக் கழுவிவிட்டுத்தான் தலைகீழ் முறைக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் கசடு நேராக மாஸ்டரின் சின்னத் துளைக்குள் போய் அடைத்துக்கொள்ளும். நான் செய்த இருபது தடவை அந்த வகையில் வீண் போகவில்லை.

ஆயில் எது என்று மூடியிலேயே எழுதியிருக்கும். என் காருக்கு டாட் 3 அல்லது டாட் 4. இரண்டும் கிளைக்கால் வகை, ஒன்றோடொன்று கலந்தாலும் ரப்பருக்குக் கெடுதல் இல்லை. டாட் 4-இன் கொதிநிலை குறைந்தபட்சம் 230 டிகிரி, ஈரம் சேர்ந்த பிறகு 155. டாட் 3-க்கு 205, ஈரம் சேர்ந்தால் 140. சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் ஸ்லேவ் இருக்கும் கார்களில் இந்த வித்தியாசம் வெறும் எண் இல்லை. காலையில் நன்றாக இருந்து மதிய நெரிசலில் மட்டும் பெடல் தளர்கிறது என்றால் பழைய ஆயில் அங்கே சூட்டில் ஆவியாவதும் ஒரு காரணமாக இருக்கலாம். டாட் 5 சிலிக்கான் வகை, இதோடு கலக்கவே கூடாது. அதேபோல என்ஜின் ஆயில், பெட்ரோல், டீசல் எதுவும் இந்த ரப்பர்களின் பக்கம் வரக்கூடாது. ஒரு சொட்டு பட்டாலும் ஊறி உப்பிவிடும்.

அளந்தேன். 11 மில்லிமீட்டர். மறுபடி மிதித்தாலும் 11, பத்து முறை மிதித்தாலும் 11. மிதிக்க மிதிக்கக் கூடவில்லை, ஆகவே காற்று போய்விட்டது. 8-இலிருந்து 11-க்கு வந்ததில் சந்தோஷம்தான். ரிவர்ஸ் பரவாயில்லாமல் விழுந்தது. ஆனால் 14 இல்லையே.

மாஸ்டர் சிலிண்டர்

மகளைப் பெடலை அடியில் வைத்தபடி ஒரு நிமிடம் அப்படியே பிடித்திருக்கச் சொன்னேன். வெள்ளைக் கோடு கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் பின்வாங்கி 9-க்கு வந்தது. கால் அசையவில்லை, வெளியே எங்கேயும் ஈரமில்லை, ஆனால் ஸ்லேவ் திரும்பி வருகிறது. ஆயில் வெளியே போகாமல் உள்ளுக்குள்ளேயே தப்பிக்கிறது என்றால் அது ஒரே இடம்தான்: மாஸ்டரின் முன்பக்க ரப்பர் கப். அது தேய்ந்தால் அழுத்தத்தில் இருக்கும் ஆயில் கப்பின் ஓரமாக நழுவி டப்பாவுக்கே திரும்பிவிடும். டப்பாவில் அளவும் குறையாது. சிக்னலில் கியர் போட்டுக் கிளட்சை மிதித்தபடி காத்திருக்கும்போது கார் நகரப் பார்த்ததே, அது இதனால்தான்.

உறுதிப்படுத்த ரப்பர் ஹோஸை அதற்குரிய வழுவழுப்பான கவ்வியால் இறுக்கிவிட்டுப் பெடலை மிதித்தேன். மாஸ்டர் நன்றாக இருந்தால் பெடல் மேலேயே கல்போல் நிற்க வேண்டும். என் காலுக்குக் கீழே மெல்ல இறங்கியது. கழற்றிவைத்த பழைய ஹோஸை இதற்காகவே தற்காலிகமாக மாட்டியிருந்தேன். புது ஹோஸை இப்படி நசுக்க மனம் வராது, நசுக்கவும் கூடாது. மாட்டியதால் மறுபடி ஏர் எடுக்க வேண்டி வந்தது, எப்படியும் மாஸ்டரைக் கழற்றப் போகிறோம் என்பதால் அது பெரிதாகத் தெரியவில்லை.

மாஸ்டரைக் கழற்றுவதில் கஷ்டம் முழுவதும் டேஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகக் கிடந்து, தள்ளுகம்பியைப் பெடலோடு இணைக்கும் கிளெவிஸ் பின்னை எடுப்பதில்தான். அது கழன்றுவிடாமல் பிடித்திருக்கும் காட்டர் பின் துருவேறி உடைந்தே வந்தது. கிளெவிஸ் பின்னைத் தட்டி உருவிப் பையில் போட்டுக்கொண்டேன். அப்போது அதை நான் சரியாகப் பார்க்கவில்லை.

மேசையில் வைத்து சர்க்ளிப்பை எடுத்ததும் பிஸ்டன், மெல்லிய வாஷர், கப், ஸ்பிரிங் என்று வரிசையாக வந்தன. வந்த வரிசையிலேயே ஒரு வெள்ளைத் துணியில் அடுக்கிப் படம் எடுத்துவைத்தேன். கப்பின் விளிம்பு கெட்டியாகி, ஒரு பக்கம் பல் பல்லாகச் சிதைந்திருந்தது. சிலிண்டர் சுவர் மட்டும் பளபளவென்று ஒரு கீறலும் இல்லாமல் இருந்தது. உயரத்தில் இருப்பதால் ஈரம் இங்கே தங்கவில்லை. இதற்குக் கிட் போதும்.

சுவரில் இரண்டு துளைகள் இருக்கும், ஒன்று பெரியது, ஒன்று ஊசிமுனை அளவு. அந்தச் சின்னத் துளைதான் இந்த அமைப்பு மூச்சுவிடும் வழி. பெடல் ஓய்வில் இருக்கும்போது கப் அந்தத் துளைக்குப் பின்னால் இருந்தால்தான் சூட்டில் விரியும் ஆயில் டப்பாவுக்குத் திரும்ப முடியும். ஒரு செம்புக்கம்பி இழையை விட்டு அது திறந்திருப்பதைப் பார்த்துக்கொண்டேன். எஃகு ஊசி வேண்டாம், விளிம்பைச் சுரண்டிவிட்டால் புதுக் கப்பை அது ஒவ்வொரு மிதிக்கும் செதுக்கும். புதுக் கப்பைப் பிரேக் ஆயிலில் நனைத்து, விளிம்பு முன்பக்கம் பார்க்கும்படி, ஓரம் மடங்காமல் விரல்நுனியால் சுற்றிச் சுற்றி அமர்த்தி உள்ளே விட்டேன். மாட்டுவதற்கு முன் மேசையிலேயே ஆயில் நிரப்பி, குமிழி நிற்கும்வரை பிஸ்டனை மெதுவாகத் தள்ளித் தள்ளி விட்டேன். மாட்டிய பிறகு செய்வதைவிட இது எவ்வளவோ எளிது.

எல்லாம் பூட்டி, புது ஹோஸைத் திரும்பப் போட்டு, சிரிஞ்சால் ஏர் எடுத்து, ஒரு நிமிடம் மிதித்துப் பிடிக்கச் சொன்னேன். கோடு அசையவே இல்லை. சரி, மாஸ்டர் முடிந்தது.

ஆனால் அளவு 11.

காணாமல் போன மூன்று மில்லிமீட்டர்

அன்று மாலை வேலையை நிறுத்திவிட்டேன். புது ஸ்லேவ், புது ஹோஸ், புதுக் கப், புது ஆயில், காற்று இல்லை, கசிவு இல்லை, அப்படியும் 3 மில்லிமீட்டர் எங்கே போகிறது? கைகழுவும்போது மகள் சாதாரணமாகச் சொன்னாள்: "பெடல் முதல்ல கொஞ்சதூரம் சும்மா போகுதுப்பா. அதுக்கப்புறம்தான் காலுக்கு ஏதோ தட்டுது."

எனக்கு அது தெரிந்ததே இல்லை. பல ஆண்டு ஓட்டிப் பழகிய கால், அந்தச் சும்மா போகும் தூரத்தைக் கணக்கில் எடுப்பதையே விட்டுவிட்டது. அவள் அந்தக் காரின் பெடலை இந்த இரண்டு மூன்று நாளாகத்தான் மிதிக்கிறாள்.

மறுநாள் காலை ஸ்கேலை டேஷ்போர்டுக்கு அடியில் கொண்டுபோனேன். இத்தனை நேரமும் கடைசி முனையை மட்டுமே அளந்துகொண்டிருந்தேன், முதல் முனையை அளக்கவே இல்லை. தள்ளுகம்பியில் கோடு போட்டு, பெடலைக் கையாலேயே அடிவரை அமுக்கினேன். 20 இருக்க வேண்டிய இடத்தில் 16. பதினாறை 0.69-ஆல் பெருக்கினால் 11. கணக்கு அப்படியே உட்கார்ந்தது. ஆயில் தன்னிடம் கொடுத்ததை ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையாமல் கொண்டுபோய்ச் சேர்த்துக்கொண்டிருந்தது, பெடல்தான் அதற்கு முழுதாகக் கொடுக்கவில்லை.

கிளெவிஸ் பின்னை மறுபடி உருவி, இந்தமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உருண்டையாக இருக்க வேண்டிய பின்னின் நடுவில், பெடல் உட்காரும் இடத்தில், ஒரு பக்கம் படிவெட்டியதுபோல் குழி. வெர்னியரில் முனைகள் 7.9 மில்லிமீட்டர், நடுவில் 6.7. பெடல் கையில் இருக்கும் துளை வட்டமாக இல்லை, முட்டை வடிவில் ஒன்றரை மில்லிமீட்டர் நீண்டிருந்தது. தள்ளுகம்பியின் முனையில் கவட்டைபோல் இருக்கும் கிளெவிஸின் இரண்டு காதுகளிலும் முக்கால் மில்லிமீட்டர். பெடல் சுழலும் அச்சின் புஷ்ஷிலும் ஆட்டம். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை, கூட்டினால் 4 மில்லிமீட்டர். பெடலின் அச்சிலிருந்து பின் வரை 40 மில்லிமீட்டர், பாதம் வைக்கும் இடம் வரை 240. ஆறு மடங்கு. பின்னில் 4 என்றால் பாதத்தில் 24 மில்லிமீட்டர். மகளின் காலுக்குச் 'சும்மா போன' தூரம் அதுதான்.

தள்ளுகம்பியின் லாக் நட்டைத் தளர்த்திக் கம்பியை 4 மில்லிமீட்டர் நீட்டிவிட்டால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆட்டம் இருக்கும் இணைப்பில் எது ஓய்வு நிலை என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. கம்பி கொஞ்சம் அதிகமாக நீண்டு, ஓய்விலும் பிஸ்டனை லேசாக அமுக்கிக்கொண்டிருந்தால், கப் அந்த ஊசிமுனைத் துளையை மூடிவிடும். சூட்டில் விரியும் ஆயில் திரும்ப வழியில்லாமல் ஸ்லேவைத் தள்ளும், கிளட்ச் வழுக்கும், நல்ல தட்டு கருகிப்போகும். தேய்மானமும் நிற்காது, மெலிந்த பின் ஒருநாள் ஒடிந்தால், நெரிசல் நடுவே பெடல் தரையில் கிடக்கும்.

பெடலையே கழற்றி, துளையை வெல்டிங்கால் முழுதாக அடைத்து, தட்டையாக அரைத்து, நல்ல பக்கத்தின் விளிம்பிலிருந்து அளந்து மையம் குறித்து, 8 மில்லிமீட்டர் டிரில்லால் புதிதாகத் துளைபோட்டேன். வெல்டிங் செய்யாமல் நேராகப் பெரிய டிரில் விட்டால், நீண்டிருக்கும் பக்கமே டிரில்லை இழுத்துக்கொண்டு மையம் தவறிவிடும். பெடலைக் காரில் வைத்தபடியே வெல்டிங் செய்யவும் கூடாது, பக்கத்தில் வயர்களும் விரிப்பும் இருக்கின்றன. புதுக் கிளெவிஸ், புது பின், அச்சுக்குப் புதுப் புஷ். பின்னுக்குக் கொஞ்சம் கிரீஸ். இந்த இணைப்புக்கு யாரும் கிரீஸ் வைத்த அடையாளமே பழைய பின்னில் இல்லை.

தள்ளுகம்பிக்கும் பிஸ்டனுக்கும் நடுவே 1 மில்லிமீட்டர் பிளே விட்டு லாக் நட்டை இறுக்கினேன். பாதத்தில் அது 6 மில்லிமீட்டராகத் தெரிகிறது, கையால் பெடலை ஆட்டினால் அந்த லேசான 'டிக்' கேட்கிறது. கேட்க வேண்டும்.

பிளே போகத் தள்ளுகம்பி 20. அப்புறம் அடியில் போய் ஸ்லேவைப் பார்த்தேன். வெள்ளைக் கோடு 14-ஐத் தொட்டும் தொடாமலும் நின்றது.

என்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, கிளட்சை மிதித்து, மூன்று எண்ணி, ரிவர்ஸ் போட்டேன். சத்தமே இல்லை. சூடேறட்டும் என்று அரைமணி நேரம் நெரிசலில் ஓட்டிவிட்டு வந்து அதையே செய்தேன், அப்போதும் இல்லை. கிளட்ச் பிடிக்கும் இடம் தரையை ஒட்டி இருந்தது போய், பெடலின் நடுவுக்கு ஏறிவிட்டது. அதற்குத்தான் என் கால் இன்னும் பழகவில்லை, முதல் இரண்டு நாள் கிளம்பும்போதெல்லாம் வண்டியைக் குலுக்கினேன்.

டப்பாவின் பக்கத்தில் ஆயில் மட்டத்துக்குப் பேனாவால் ஒரு கோடு போட்டு, ஸ்லேவின் உறைக்கு அடியில் ஒரு காகிதத்துண்டைக் கட்டிவைத்தேன். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது மட்டம் கோட்டிலேயே இருந்தது, காகிதத்தில் தூசி மட்டும்தான். உறையை விலக்கியும் பார்த்தேன். உள்ளே காய்ந்திருந்தது.